உதைபந்தாட்டக்காரருக்குச் சம்பளம் பேசப் போனேன்

விளையாட்டு வீரர்களுக்காகச் சம்பளம் பேசுகிற வேலையில் ஏச்சு இரண்டு பக்கத்திலிருந்தும் வரும், தேத்தண்ணி மட்டும் ஒரு பக்கத்திலிருந்துதான் வரும். நீங்கள் ஏதாவது ஒரு சங்கத்தில் செயலாளராக இருந்திருந்தால், பள்ளிக்கூடக் கூட்டத்தில் பெற்றோருக்காக எழும்பிக் கதைத்திருந்தால், குறைந்தது ஒரு கலியாணத்தில் இரண்டு பகுதிக்கும் நடுவில் நின்று மாட்டுப்பட்டிருந்தால், மேலே வாசியுங்கள். உங்களுக்கும் எனக்கும் ஒரே வருத்தம்தான்.

என் சொந்தத் தொழில் கருவாடு. கற்பிட்டிப் பக்கம் கடற்கரையோடு மீன் காயவைக்க ஒரு வாடி போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் பாதியில் நின்ற படிப்பின் மிச்சத்தைப் புத்தளம் சந்தையும் கொழும்பு லொறிக்காரரும் சொல்லித் தந்தார்கள், நல்லாக அடித்துத்தான் சொல்லித் தந்தார்கள். ஸ்டெல்லாவுக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என்னைப் பற்றி ஊரில் சொல்வார்கள். நுனிக்கும் கொஞ்சம் முன்னால் என்றால் சரியாக இருக்கும்.

எங்கள் கரையில் காசு கொடுத்து விளையாட வைக்கிற உதைபந்தாட்ட லீக் ஒன்று இருக்கிறது. ஊருக்கு ஊர் அணி, எல்லாவற்றுக்கும் மேலே பாலாவியில் ஒரு அலுவலகம். ஹோட்டல்காரர் விளம்பரப் பலகை வைத்து உதவினார்கள். வெள்ளைக்காரர் வரத்துக் குறைந்ததும் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. உடனே அலுவலகம் முடிவெடுத்தது: வீரர்களுக்கு இனிப் பாதிச் சம்பளம். கோல் காக்கிற ரிஸ்வான், எல்லா அணிப் பிள்ளைகளுக்கும் மூத்தவன் மாதிரி நிற்கிறவன், அதைக் கேட்ட கையோடு கட்டார் போவதற்குப் பாஸ்போட்டை ஏஜென்சியில் கொடுத்துவிட்டான். மனைவி பிள்ளைத்தாய்ச்சி. பாதிச் சம்பளத்தில் குடும்பம் நடத்த ஏலாது, சம்பளம் சரிவந்தால் போகத் தேவையில்லை என்றான். அவன் போனால் பின்னால் போக இன்னும் பல பேர் சூட்கேசைத் தூசி தட்டி வைத்திருந்தார்கள். அவனை ஊரில் நிறுத்த நாங்கள் பட்ட பாடுதான் இனி வருவது.

லோயரா, கருவாட்டுக்காரியா?

தங்களுக்காகக் கதைக்க ஒரு ஆளைத் தெரிவு செய்யப் பிள்ளைகள் கூடியது என் வாடியில். என்மேல் உள்ள மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம், அந்த வெயிலுக்குத் தென்னோலைக் கிடுகு நிழல் வேறெங்கும் இல்லை. புத்தளத்தில் ஒரு லோயரைப் பிடிப்போம் என்று கதை போய்க்கொண்டிருந்தது. நான் காது கொடுக்கவில்லை. கொழும்பிலிருந்து லொறியோடு வந்த மொத்த வியாபாரியோடு கட்டா மீன் கருவாட்டுக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

உப்புக் கூடிப்போச்சு என்றார். உப்பில்லாமல் காய்ந்தால் அதற்குப் பெயர் கருவாடு இல்லை, பிரேதம் என்றேன். ஈரம் இருக்கு என்றார். ஒரு துண்டை எடுத்து லொறிக் கதவில் தட்டினேன், பலகை மாதிரிச் சத்தம் கேட்டது. அப்போ நான் வாறேன் என்று லொறியில் ஏறினார். நல்லது, போயிட்டு வாங்க என்று சாக்கைக் கட்டத் தொடங்கினேன். தென்னைமரம் வரைக்கும் போன லொறி பின்பக்கமாகவே திரும்பி வந்தது. என் விலைக்கே எடுத்தார். நிமிர்ந்து பார்த்தால் கூட்டம் லோயர் கதையை விட்டுவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. என்ன கூட்டம் என்று வியாபாரி கேட்க, ரிஸ்வான் விபரம் சொன்னான். எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அன்றைக்கு அந்த மனிதர் வாயிலிருந்து வந்ததுதான். அதற்காக இன்றும் அவருக்குத் தெரிந்தெடுத்த கருவாடாகத்தான் கட்டிக்கொடுக்கிறேன். அவர் சொன்னார்:

"தம்பிமாரே, இந்த மனுசிய உங்கட பக்கம் எடுத்துக்கொள்ளுங்க. மற்றப் பக்கம் போனா உங்கட சப்பாத்தக் கழட்டி உங்களுக்கே வித்துப்போடுவா."

அலவன்ஸ்

முதல் கூட்டத்துக்கு நானும் ரிஸ்வானும் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். லீக் தலைவர் ஹாஜியார், உப்பளம் வைத்திருக்கிறவர், என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். கணக்கு வழக்குப் பார்க்கிற பொருளாளர். கொழும்பிலிருந்து புதிதாய் வந்த நிறைவேற்று அதிகாரி சுரேன், மீசை இன்னும் சரியாக அடர்த்தியாகாத பிள்ளை. சுரேன் சுவரில் படம் விழுத்தி, கோடு கீழே இறங்குவதைக் காட்டினார். இந்தச் சுமையை எல்லோரும் சேர்ந்து தூக்க வேண்டும் என்றார்.

எல்லோரும் என்றால் யார் யார் என்று கேட்டேன். வீரர்கள் என்றார். மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நீங்கள் மூன்று பேரும் எவ்வளவு வெட்டினீர்கள் என்று கேட்டேன். சத்தம் கொஞ்சம் கூடிப்போய்விட்டது. அலுவலகத்துக்குக் கீழே இருந்த ஹாட்வெயார் கடையில் சாமான் வாங்க வந்தவர்கள் படியில் ஏறிப் பார்த்தார்கள். பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, நாங்கள் சம்பளம் எடுக்கிறதில்லை, அலவன்ஸ்தான் எடுக்கிறோம், ஆனபடியால் சம்பள வெட்டு எங்களுக்குப் பொருந்தாது என்று விளக்கம் சொன்னார். நான் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினேன். அதுவரைக்கும் வாயே திறக்காத ரிஸ்வான் என் கையைப் பிடித்து இருத்திவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பணிவாகக் கேட்டான்:

"அப்ப எங்களுக்கும் அலவன்ஸ் எண்டே போடுங்க சேர். வெட்டுப்படாதுதானே?"

கோபித்துக்கொண்டு போக பஸ் இல்லை

இரண்டாவது கூட்டத்தில் கோபம் என்னை மீறிவிட்டது. பொருளாளர், பந்தடிக்கிறது ஒரு தொழிலா என்று கேட்டார். கருவாட்டுக்குப் பிறகு உலகத்தில் எனக்குத் தெரிந்த எல்லாக் கெட்ட நாற்றத்தையும் அவருக்கு உவமையாகச் சொல்லிவிட்டு வெளியே இறங்கினேன். ரிஸ்வான் ஹாஜியாரின் முகத்துக்காக உள்ளே இருந்துவிட்டான். பாலாவிச் சந்தியில் போய் நின்றேன். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையை நிமிர்த்திக்கொண்டு, அலுவலக ஜன்னலில் இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி நின்றேன்.

பஸ் வரவில்லை. சீமெந்து லொறி போகிறது, உப்பு லொறி போகிறது, பஸ் மட்டும் இல்லை. வெற்றிலைக் கடைக்காரர்தான் சொன்னார், பஸ்காரர் அன்றைக்குச் சம்பளம் கேட்டுப் பகிஷ்கரிப்பாம். நான் யாரைத் திட்டுவது? அவர்கள் என் கட்சி அல்லவா. வெயில் உச்சிக்கு ஏறியது. கடைசியில் ஒரு கார் வந்து நின்றது. ஹாஜியாரின் கார். ஏறாமல் இருக்கத்தான் பார்த்தேன், கால் கேட்கவில்லை. வழியில் தேத்தண்ணியும் வடையும் வாங்கித் தந்தார். பருவம் தவறின மழை உப்பைக் கரைத்துக்கொண்டு போனதையும், லீக் நிற்காமல் இருக்க இவ்வளவு காலமும் தன் கையிலிருந்து போட்டதையும் மெதுவாகச் சொன்னார். அது எனக்குத் தெரியாது. பேச்சு முடியும் மட்டும் சம்பளத்தில் கை வைக்க மாட்டோம் என்று அந்தக் காரில் வைத்துத்தான் வாக்குத் தந்தார். மூன்று மணித்தியாலம் மேசையில் கத்திக் கிடைக்காதது அது. என்னை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுச் சொன்னார்:

"தங்கச்சி, இனிக் கோவிச்சிட்டுப் போறதுண்டா, பஸ் ஓடுற நாளா பாத்துப் போங்க."

புதன்கிழமை மெச்

எங்கள் லீக்கில் மெச் வெள்ளி பின்னேரம் அல்லது ஞாயிறு. காரணத்தை இந்தக் கரையில் யாரும் விளக்கிச் சொல்வதில்லை, விளக்கத் தேவையும் இல்லை. வெள்ளிக்கிழமை முஸ்லிம் பிள்ளைகள் கடலுக்குப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேதக்காரப் பிள்ளைகள் போவதில்லை. லீக் சம்பளம் மட்டும் காணாது என்று எங்கள் வீரர்களில் பாதிப்பேர் மற்ற நாளில் வள்ளத்தில் போகிறவர்கள். கொழும்புச் சுரேனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. செலவைக் குறைக்க வழி தேடிய பிள்ளை, நேரலை காட்டுகிற கம்பனி புதன்கிழமை என்றால் மலிவாகச் செய்யும் என்று கேள்விப்பட்டு, ஒரு மெச்சைப் புதனுக்கு மாற்றிவிட்டது.

அந்தப் புதன், பல நாள் அடித்த காற்று விட்டுக் கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்தது. நடுவர் வந்தார், கமராக்காரர் வந்தார், கடலை வண்டி வந்தது. வீரர்கள் வரவில்லை. சுரேன் பந்தின்மேல் உட்கார்ந்து எனக்குப் போன் எடுத்தார். கரைக்கு வாங்க தம்பி, உங்கள் அணி அங்கேதான் வரும் என்றேன். ஏசப்போகிறார் என்று நானும் நாலு சொல்லைத் தயாராக வைத்திருந்தேன். வந்தவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, காற்சட்டையைச் சுருட்டி, ரிஸ்வானின் வள்ளத்தைக் கரைக்கு இழுக்கக் கை கொடுத்தார். ஏலம் கூறுகிறவர் வருவதற்கு முன்னால், வள்ளத்தில் போன ஒவ்வொருவருக்கும் வீட்டுக் கறிக்கு மீன் எடுத்து வைத்தார்கள். இழுக்க வந்தவருக்கும் கறிமீன் உண்டு என்று சுரேன் கையிலும் இரண்டு பாரை மீனைக் கோர்த்துக் கொடுத்தான் ரிஸ்வான். இது எந்தக் கணக்கில் வரும் என்று அவர் கேட்டார். எந்தக் கணக்கிலும் வராது, கணக்குத் தொடங்குவதே இதற்குப் பிறகுதான் என்றேன். மீனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடல் பக்கம் திரும்பினார். பிறகு கேட்டார்:

"அக்கா, உங்கட கடலுக்கு மெச் அட்டவணையில ஒரு கொப்பி அனுப்ப ஏலாதா?"

வேலைநிறுத்தக்காரர் விளையாடினார்கள்

ஹாஜியார் மக்காவுக்கு உம்ராப் பயணம் போயிருந்த நேரம், அவர் தந்த வாக்கை மறந்து, பொருளாளர் பாதிச் சம்பளத்தைப் போட்டுவிட்டார். அன்றைக்கே ரிஸ்வானுக்கு ஏஜென்சியிலிருந்து செய்தி வந்தது, விசா சரி, அடுத்த கிழமை பயணம். எனக்கு வந்த கோபத்துக்குப் பெயர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மெச்சில் ஒருவரும் கிரவுண்டில் இறங்குவதில்லை என்று முடிவெடுத்தோம். ஆலங்குடாக் கிரவுண்ட், ஒரு வேலிக்கு அப்பால் கடற்கரை. சனம் டிக்கெட் எடுத்து உள்ளே நிறைந்துவிட்டது. பிள்ளைகள் வேலிக்கு வெளியே மணலில் வரிசையாக இருந்தார்கள். முகத்தைக் கல்லு மாதிரி வைத்திருங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

கால்மணி நேரம் கல்லாக இருந்தார்கள். பிறகு ஒருவன் பந்தைக் காலால் உருட்டினான். மற்றவன் திருப்பித் தட்டினான். நான் முறைத்தேன். சும்மா கால் இளக்குகிறோம் அக்கா என்றார்கள். நான் அலுவலகக்காரரோடு போனில் சண்டை பிடித்து முடித்துத் திரும்பினால், இரண்டு அணியும் வெறுங்காலோடு முழு மெச் ஆடிக்கொண்டிருக்கிறது. இரண்டு சோடிச் செருப்பை ஊன்றிக் கோல், ரிஸ்வான் மணலில் பாய்ந்து பாய்ந்து பிடிக்கிறான். கிரவுண்டில் இருந்த சனம் வேலியைத் தாண்டி வந்து சுற்றி நிற்கிறது. உள்ளே நடுவரும் கடலை வண்டியும் மட்டும். கொஞ்சத்தில் கடலை வண்டியும் வெளியே வந்துவிட்டது.

இது என்ன வேலைநிறுத்தம் என்று தலையில் கையை வைத்துக்கொண்டு மணலில் குந்தினேன். உண்மையில் அந்தப் பிள்ளைகள்தான் என்னைக் காப்பாற்றினார்கள். மூடிக் கிடந்த தன் ஹோட்டல் வாசலில் இருந்து இந்தக் கூட்டத்தைப் பார்த்த முதலாளி ஒருவர், விளம்பரப் பலகையை முதலில் கழற்றிக்கொண்டு போனவரும் அவர்தான், இவ்வளவு சனம் இன்னும் வருகிறதா என்று சுரேனிடம் விசாரித்தாராம். அதெல்லாம் பிறகு கேள்விப்பட்டது. அன்றைக்கு எனக்குக் கிடைத்தது, பக்கத்தில் ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு நின்ற ஒரு பெரியவர் தந்த ஆறுதல்தான்:

"பிள்ள, அடுத்த பகிஷ்கரிப்பு எப்ப எண்டு சொல்லுங்க, நான் மச்சானையும் கூட்டிட்டு வாறன்."

மேலேயிருந்து வெட்டு

ஹாஜியார் திரும்பி வந்ததும் கடைசிக் கூட்டம். ரிஸ்வானின் பயணத்துக்கு இரண்டே நாள். சட்டைப் பையில் டிக்கெட்டோடு பக்கத்தில் இருந்தான். அன்று கத்துவதற்கென்றே காலையில் கொத்தமல்லி அவித்துக் குடித்துத் தொண்டையைப் பதமாக்கிக்கொண்டு போயிருந்தேன். பொருளாளர் செய்ததற்கு ஹாஜியார் முதலில் மன்னிப்புக் கேட்டார். அதிலேயே என் முதல் ஏச்சு வீணாகிவிட்டது. சரி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் தங்கச்சி என்றார்.

நான் கறிமீனைச் சொன்னேன். வள்ளம் நட்டப்பட்ட நாளிலும் கறிமீனை யாரும் தொடுவதில்லை. அதை எடுத்து வைத்த பிறகுதான் எண்ணெய்ச் செலவு, வலைக்குப் பங்கு, வள்ளத்துக்குப் பங்கு. கறிக்கு மட்டும்தான் மீன் பட்டது என்றால் அன்றைக்கு ஏலமே இல்லை, முதலாளிக்கும் பங்கில்லை. ஒரு வீரனின் வீட்டு அடுப்பு எரிய எவ்வளவு வேண்டுமோ, கிரவுண்ட் கூட்டுகிறவருக்கு எவ்வளவு வேண்டுமோ, அதை முதலில் எடுத்து வையுங்கள். வெட்டுவதை அதற்குப் பிறகு, மேலேயிருந்து வெட்டுங்கள் என்றேன். பொருளாளர் கண்ணாடியைக் கழற்றினார். இனி அலவன்ஸ் கதை வரப்போகிறது என்று நான் மூச்சை இழுத்தேன்.

அதற்குள் சுரேன் கதைத்தார். தன் அலவன்சில் பாதியை முதலில் வெட்டச் சொன்னார். இரண்டு பாரை மீனை வாங்கிக்கொண்டு போனவன், இதற்கு இல்லை என்று சொல்ல ஏலாது என்றார். ஹாஜியார் தன் அலவன்சைப் பருவம் முடியும் மட்டும் விட்டார். பொருளாளர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தன்னுடையதையும் விட்டார். திரும்பி வரச் சம்மதித்த ஹோட்டல்காரரின் காசையும் சேர்த்துப் பார்த்தால் குறைந்த சம்பளக்காரர் ஒருவருக்கும் வெட்டில்லை, ரிஸ்வான் மாதிரி மூத்த வீரர்களுக்குத் தாங்கக்கூடிய சின்ன வெட்டு. அவனைப் பார்த்தேன், ஓம் என்று தலையாட்டினான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கொண்டுபோன கோபம் அத்தனையும் செலவாகாமல் மடியில் கிடந்தது. ஹாஜியார் பயந்துபோய்க் கேட்டார்:

"தங்கச்சி, நீங்க இன்னும் சத்தம் போடல்ல. இப்ப இது சரிவந்ததா, இல்லையா?"

ரிஸ்வானின் வீடு

அடுத்த நாள் ரிஸ்வான் ஏஜென்சிக்குப் போய்ப் பாஸ்போட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டான். நான் நெத்தலிக் கருவாடு ஒரு பொதி கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். உண்மையைச் சொன்னால், அவன் மனைவி கண்கலங்கி என் கையைப் பிடிப்பாள் என்று ஒரு எதிர்பார்ப்பு எனக்கு இருந்தது. நீங்களும் இப்படி எங்கேயாவது போய் எதிர்பார்த்து நின்றிருப்பீர்கள்தானே.

கதிரை போட்டு இருக்கச் சொன்னாள். தேங்காய்ப்பாலில் அவித்த வட்டிலப்பம் தந்தாள். ரிஸ்வான் முற்றத்தில் நின்று, பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிறேன் என்று ஒரு கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தான். கோலுக்கு வருகிற பந்தையெல்லாம் பிடிக்கிற கைக்கு ஒரு முடிச்சுப் போட வரவில்லை. அவள் ஜன்னலால் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஹாஜியாருக்கும் சுரேனுக்கும் மாதாவுக்கும் மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன். அவள் என் பக்கம் திரும்பி, சிரிப்பை வாய்க்குள் மறைத்துக்கொண்டு சொன்னாள்:

"நல்ல வேல பாத்தீங்க ராத்தா. கட்டாருக்குப் போய் ஏ.சி. ஒண்டு அனுப்புறண்டு சொன்ன மனிசன், இப்ப ராவெல்லாம் விசிறியோட பக்கத்துல நிக்கிறாரு."

ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சம்பளம் பேசி முடித்தவளுக்கு, தனக்கென்று ஒரு சதமும் பேசவில்லை என்பது அந்த வட்டிலப்பத்தின் கடைசிக் கரண்டியில்தான் ஞாபகம் வந்தது என்றாலும், வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் கோலுக்குப் பின்னால் பிள்ளைகள் எனக்கென்று போட்டு வைத்திருக்கிற அந்த ஒற்றைக் கதிரையை நல்ல விலை சொன்னாலும் நான் கொடுக்க மாட்டேன்.